நசுங்கிய ஆழாக்கு

எங்கள் மாமியார் வீட்டில் ஒரு பித்தளை ஆழாக்கு இருந்தது. மாமியார், இரண்டு ஓர்ப்படிகள், நான் ஆக நாலு பேருக்கும் அதுதான் அளவு. தலைக்கு ஒரு ஆழாக்கு அரிசி என்பது சட்டம். ஒரு தீபாவளிக்கு முன்னால் புளி போட்டுத் துலக்கும்போதுதான், அதன் அடி நசுங்கி உள்வாங்கியிருப்பது தெரிந்தது. எத்தனை வருஷமாகவோ! ஆளுக்கொரு ஆழாக்கு இருந்திருந்தால், "உனக்கு மட்டும் எப்படி சாதம் காணுகிறது?" என்று ஒருத்தி இன்னொருத்தியைக் கேட்டிருப்பாள். எல்லாருக்கும் ஒரே ஆழாக்கு, எல்லாருக்கும் ஒரே குறை. ஆகவே ஒருவருக்கும் குறையே தெரியவில்லை!

நானும் ஆபீஸில் இப்படி ஒரு ஆழாக்கு செய்தேன். செய்ததோடு நிற்காமல், அது சரியில்லை என்று காட்டிய பெண்ணையும் நாலு பேர் எதிரில் கோபித்துக் கொண்டேன். அதைத்தான் உங்களிடம் சொல்ல வந்தேன்.

என் உத்தியோகம் ஸாப்ட்வேரைச் சோதித்துப் பார்ப்பது. "குற்றம் கண்டுபிடிக்கச் சம்பளமா? வீட்டில் இனாமாகவே செய்கிறாயே!" என்பார் என் கணவர். ஆனால் நாங்கள் உட்கார்ந்து ஒவ்வொரு பொத்தானாக அமுக்கிப் பார்ப்பதில்லை. அதற்கென்றே சின்னச் சின்ன புரோகிராம்கள் எழுதி வைத்து விடுவோம். இரவெல்லாம் அவை ஓடும். காலையில் வந்து பார்த்தால், தேறினவை பச்சை, தவறினவை சிவப்பு. இந்த வேலைக்குப் பேர் போன கருவி ஜேயூனிட். 1997-ல் கென்ட் பெக், எரிக் காமா என்ற இருவர், ஸூரிச்சிலிருந்து அட்லாண்டாவுக்கு விமானத்தில் போகும்போது எழுத ஆரம்பித்தார்களாம். நமக்கு விமானம் ஏறினால் தூக்கம்தான் வருகிறது!

நூறு சோதனை எழுதினால், நூறிலும் சில காரியங்கள் திரும்பத் திரும்ப வரும். வாசலில் பெயரும் ரகசியச் சொல்லும் கொடுத்து உள்ளே நுழைவது, ஒரு பொய் வாடிக்கைக்காரரை உண்டாக்குவது, பக்கம் திறக்கும் வரை காத்திருப்பது, இரண்டு தொகையை ஒப்பிடுவது, கடைசியில் துடைத்துச் சுத்தம் செய்வது. இவற்றை நூறு இடத்தில் எழுதாமல் ஒரே இடத்தில் எழுதி வைத்து, வேண்டும்போது கூப்பிட்டுக் கொள்வோம். ஆபீஸில் இதற்கு 'ஹெல்ப்பர்' என்று பெயர். நான் எடுபிடி என்பேன். நாளைக்கு வாசல் மாறினால், ஒரு எடுபிடிக்குச் சொன்னால் போதும், நூறு சோதனையும் புது வாசலில் போகும். உண்மையிலேயே அருமையான ஏற்பாடு. இன்றைக்கும் நான் அதற்குக் கட்சிதான்.

நான் எழுதின எடுபிடி, தொகை ஒப்பிடுவது. அதில் என்ன பிரமாதம் என்பீர்கள். கம்ப்யூட்டருக்குத் தசமக் கணக்கு கொஞ்சம் தகராறு. அது இரண்டிரண்டாக எண்ணுகிற பிறவி. 0.1-ஐயும் 0.2-ஐயும் கூட்டச் சொன்னால் 0.30000000000000004 என்று சொல்லும். அதனால் தசம எண்களை ஒப்பிடும்போது அப்போதைய ஜேயூனிட் ஒவ்வொரு தடவையும், "எவ்வளவு வித்தியாசம் வரை மன்னிக்கலாம்?" என்று கேட்கும். ஒவ்வொரு தடவையும் பதில் சொல்ல எனக்கு அலுப்பு. எடுபிடிக்குள் ஒரே ஒரு பதிலை எழுதி வைத்து விட்டேன். முதலில் பைசாவில் நூறில் ஒரு பங்குதான் மன்னித்தேன். பிறகு ஒரு நாள் இரவு பதினோரு மணி. குழந்தைக்கு ஜுரம். ஏதோ ஒரு சோதனை சிவப்பிலேயே நிற்கிறது. "நாளைக்குப் பார்த்துக் கொள்ளலாம்" என்று மன்னிப்பை ஒரு ரூபாயாக்கிவிட்டு வீட்டுக்கு ஓடினேன். அந்த நாளை வரவே இல்லை. என் எடுபிடியோ எல்லாருடைய சோதனைக்குள்ளும் குடியேறி விட்டது.

அந்த ஸாப்ட்வேர் சேமிப்புக்கு வட்டி போடுவது. நடுவில் யாரோ ஏதோ திருத்த, வட்டியில் ரூபாய் மட்டும் நின்று பைசா உதிர ஆரம்பித்தது. எவ்வளவு உதிர்ந்தாலும் ஒரு ரூபாய்க்குள்தானே? எல்லாம் பச்சை!

புதிதாய் வந்த பெண் ஒருத்திக்கு மட்டும் சிவப்பு வந்தது. வேலைக்குச் சேர்ந்து நாலே மாதம். "மேடம், வட்டியில நாப்பத்தேழு பைசா குறையுது" என்றாள். நான் பைசாவைப் பார்க்கவில்லை. அவள் எழுதினதைப் பார்த்தேன். என் எடுபிடியைக் கூப்பிடாமல் தானே ஒப்பிட்டிருந்தாள்.

"பொதுவா ஒண்ணு எழுதி வெச்சிருக்கறது எதுக்கு? ஆளாளுக்கு ஒரு கணக்குன்னா வேலை உருப்படுமா?"

அவள் முகம் சிவந்தது. மறுபேச்சுப் பேசாமல் மாற்றினாள். சோதனை பச்சையாயிற்று.

இரண்டு மாதம் கழித்து, பென்ஷன் வாங்கும் பெரியவர் ஒருவர் காகிதத்தில் பென்ஸிலால் வட்டி போட்டுப் பார்த்து, பைசா குறைகிறது என்று எழுதிப் போட்டார். தனியாய்ப் பார்த்தால் அற்பம். ஆனால் ஆயிரக் கணக்கான கணக்குகளைத் திரும்பப் போட வேண்டி வந்தது. கூட்டம் கூடியது. "சோதனையில் ஏன் அகப்படவில்லை?" என்று கேள்வி வந்தது.

அந்தப் பெண் எனக்கு எதிரேதான் உட்கார்ந்திருந்தாள். யார், என்றைக்கு, எதை மாற்றினார்கள் என்பதெல்லாம் எங்கள் கம்ப்யூட்டரில் தேதியோடு பதிவாகியிருக்கும். அவள் வாயைத் திறந்தால் போதும். திறக்கவில்லை. நோட்டுப் புத்தகத்தையே பார்த்துக் கொண்டிருந்தாள். நான் எழுந்து, மன்னிப்பை ஒரு ரூபாயாக்கினவளும் நான்தான், இவள் பிடித்ததை மறைக்க வைத்தவளும் நான்தான் என்று சொன்னேன். தொண்டை அடைத்தது. சாயங்காலம் அவள் நாற்காலிக்குப் போய், "என்னை மன்னிச்சுக்கோம்மா" என்றேன்.

"இருக்கட்டும் மேடம். நானும் அன்னிக்கு இன்னொரு தடவை சொல்லியிருக்கணும்" என்றாள். திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது.

மறுநாள் இரண்டு பேருமாய் உட்கார்ந்து எடுபிடியைத் திருத்தினோம். தொகையெல்லாம் இனி முழுப் பைசாக் கணக்கு. தசமமும் கிடையாது, மன்னிப்பும் கிடையாது. அப்புறம் அவள் ஒரு காரியம் செய்தாள். எடுபிடிக்கே ஒரு சோதனை எழுதினாள்! வேண்டுமென்றே ஒரு பைசா குறைத்துக் கொடுத்து, அது "சமமில்லை" என்று சொல்கிறதா என்று பார்ப்பது. இத்தனை நாளும் எங்கள் யாருக்கும் அது தோன்றவில்லை. அன்று இரவு எல்லாவற்றையும் ஓட விட்டோம். பச்சையாயிருந்ததில் பதினேழு சிவப்பாக வந்து நின்றன.

ஆழாக்கைச் சொல்ல மறந்து விட்டேனே. பாத்திரக் கடையில் கொடுத்து அடியைத் தட்டி வாங்கினோம். பிறகு ஒரு மாதம் தினமும் சாதம் மிஞ்சியது. "உங்களுக்கெல்லாம் அளவே மறந்து போச்சா?" என்று மாமியார் எங்கள் மூவரையும் கேட்டுக் கொண்டே, பழையதில் மோரை ஊற்றிப் பிசைவார்.