தெருவுக்கு வளர்ப்பது

2023 திருக்கார்த்திகை அன்று ராத்திரி, தெருமுக்கில் சொக்கப்பனை எரிந்துகொண்டிருந்தபோது, எங்கள் வீட்டு மாடிப்படிக்கு அடியில் செவலை குட்டி போட்டது. ஓட்டை சைக்கிளுக்கும் பழைய சிமெண்ட் சாக்குக்கும் நடுவில் ஐந்து குட்டிகள். வெளியே வெடிச் சத்தம் காதைப் பிளந்தது. ஒரு குட்டிகூட அசையவில்லை. "எவ்ளோ பொறுமையா கெடக்கு பாத்தியா" என்றாள் அம்மா. அது பொறுமை இல்லை என்று பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். பிறக்கும்போது நாய்க்குட்டிக்குக் கண்ணும் திறந்திருக்காது, காதும் திறந்திருக்காது. கண் திறக்க ரெண்டு வாரம், காது கேட்க மூணு வாரம் ஆகும். அதுவரை சூடும் வாசனையும்தான் அதன் உலகம்.

செவலை எங்கள் நாய் கிடையாது. பாளையங்கோட்டையில் நாங்கள் வாடகைக்கு இருக்கும் தெருவில் பத்து வீட்டுச் சோற்றைத் தின்றுவிட்டு, படுக்க மட்டும் எங்கள் கேட்டுக்குள் வரும். மாடியில் வீட்டுக்கார அண்ணாச்சி. "கண்ணு முழிச்சதும் அப்புறப்படுத்திரணும் தம்பி" என்று மறுநாளே சொல்லிவிட்டார். சரி என்று தலையாட்டினேன்.

குட்டிகளுக்குச் சரியாக மூன்று வாரம் ஆன அன்றுதான் அந்த மழை. டிசம்பர் 17. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் பெய்தது. தாமிரபரணி ஊருக்குள் வந்துவிட்டது. ஜங்ஷன் பக்கமெல்லாம் தண்ணீருக்குள் கிடந்தது. எங்கள் தெரு கொஞ்சம் மேடு என்பதால் தண்ணீர் கேட்டோடு நின்றது. மத்தியானம் மழை கொஞ்சம் வெறித்தபோது செவலை வெளியே போனது. பிறகு வரவே இல்லை. தண்ணீர் வடிந்த பிறகு ரெண்டு நாள் தேடினேன். உடம்புகூடக் கிடைக்கவில்லை.

கரண்ட் இல்லை, கடையில் பால் பாக்கெட் இல்லை. அம்மா நாலு வீடு கேட்டு ஒரு சொம்பு ஆட்டுப்பால் வாங்கி வந்தாள். பாட்டிலில் வெந்நீர் ஊற்றி, அப்பாவின் பழைய வேட்டியில் சுற்றி நடுவில் வைத்தோம். குட்டிகள் அதை அம்மா என்று நினைத்து ஒட்டிக்கொண்டு முனகின. இதைவிடச் சின்னதாக இருந்திருந்தால் இன்னும் கஷ்டம். தாய் நக்கிவிட்டால்தான் மூத்திரமே போகும். தாய் இல்லையென்றால் ஈரப் பஞ்சால் நாம்தான் துடைத்துவிட வேண்டும். எங்களுக்கு அந்த வேலை மிச்சம். ராத்திரி ரெண்டு மணிக்கு மெழுகுவத்தி வெளிச்சத்தில் ஊசி போடாத சிரிஞ்சில் ஒவ்வொன்றுக்காகப் பால் கொடுத்தோம். அம்மாவுக்குத் தூக்கம் சொக்கும். "உனக்கே நான் இப்படி முழிச்சதில்லல" என்பாள்.

கரண்ட் வந்ததும் போனைச் சார்ஜ் போட்டு, குட்டி வளர்ப்பதைப் பற்றித் தேட ஆரம்பித்தேன். அப்படித்தான் ஸ்காட், ஃபுல்லர் என்ற இருவரைப் பற்றித் தெரியவந்தது. அமெரிக்காவில் பார் ஹார்பர் என்ற ஊரில் பல வருஷம் நாய்க்குட்டிகளை வளர்த்துப் பார்த்து, 1965இல் புத்தகம் போட்டவர்கள். மூன்றாவது வாரத்திலிருந்து பன்னிரண்டாவது வாரம் வரை ஒரு ஜன்னல் திறந்திருக்கும் என்கிறார்கள். அந்த நாட்களில் குட்டி எதையெல்லாம் பார்த்துப் பழகுகிறதோ, அதெல்லாம் வாழ்நாள் முழுக்க அதற்குச் சாதாரணம். 1961இல் நடந்த இன்னொரு ஆய்வில், வேலிபோட்ட பெரிய வெளியில் மனித வாடையே படாமல் சில குட்டிகளை வளர்த்தார்கள். பதினான்கு வாரம் கழித்து அவற்றின் பக்கத்தில்கூடப் போக முடியவில்லை.

எனக்கு வெறி பிடித்துக்கொண்டது. ஜன்னல் திறந்த அன்றே தாய் போய்விட்டது. இனி உலகத்தை அறிமுகப்படுத்துகிற பொறுப்பு என்னுடையது.

ஒரு நோட்டில் அட்டவணை போட்டேன். கால் விரல், காது, வாய் எல்லாவற்றையும் தினமும் தொட்டுப் பழக்க வேண்டும். சாக்கு, டைல்ஸ், தகரம், மணல் என்று விதவிதமான தரையில் நடக்கவிட வேண்டும். அவை தின்னும்போது தூரத்து அறையில் மிக்ஸியை ஓடவிட வேண்டும். பயப்படவில்லை என்றால் மறுநாள் ஒரு அடி பக்கத்தில். குக்கர் விசில், குடை, ஹெல்மெட் போட்ட ஆள், துடைப்பம். தடுப்பூசி முடியாத குட்டியைத் தெருவில் இறக்கினால் பார்வோ வந்துவிடும் என்று டாக்டர் பயமுறுத்தியிருந்தார். அதனால் காய்கறிக் கூடையில் வைத்து ஸ்கூட்டரில் மார்க்கெட் வரை சுற்றிக் காட்டினேன். பொங்கலுக்கு வந்த சொந்தக்காரர்கள் எல்லோர் மடியிலும் ஒவ்வொன்றைத் தூக்கிப் போட்டேன். சோறு வைக்கிறபோதெல்லாம் பக்கத்தில் ஸ்கூட்டரை ஸ்டார்ட் பண்ணி விட்டேன். முதல் நாள் சிதறி ஓடின. பத்தாவது நாள், இன்ஜின் சத்தம் கேட்டாலே சோறு என்று வாலை ஆட்டிக்கொண்டு ஓடி வந்தன. வீடியோ எடுத்து ஸ்டேட்டஸ் வைத்தேன்.

அம்மாவுக்கு இது எதுவும் பிடிக்கவில்லை. குட்டிகள் கேட்டைத் தாண்டித் தலையை நீட்டினால் போதும், கம்பை எடுத்துக் கேட்டில் ஓங்கித் தட்டுவாள். தெரியாத ஆள் வந்தால் "சூ, உள்ள போ" என்று விரட்டுவாள். நான் ஒரு வாரம் பாடுபட்டுச் சேர்த்த தைரியத்தை அந்தக் கம்பு ஒரு நிமிஷத்தில் கலைத்துவிடும். ஒரு நாள் கம்பைப் பிடுங்கி ஓட்டு மேல் எறிந்துவிட்டேன்.

"பயத்தோட வளந்தா அது கடிக்கும்மா. எத்தன தடவ சொல்லுதது?"

அம்மா சத்தம் போடவில்லை. "நீ அதுகள வீட்டுக்கு வளக்க. நான் தெருவுக்கு வளக்கேன். அஞ்சையும் எவன் கொண்டுபோகப் போறான்னு நெனச்சுக்கிட்டிருக்க?" என்றாள்.

அவள் சொன்னதுதான் நடந்தது. மூன்று கடுவன், ரெண்டு பொட்டை. கடுவன்கள் தை முடிவதற்குள் போய்விட்டன. கேட்டு வந்த எல்லோரும் முதலில் வாலைத் தூக்கித்தான் பார்த்தார்கள். "பொட்டையா? வேண்டாம் தம்பி, குட்டி போட்டுத் தொலைக்கும்." ஆபரேஷன் செலவை நானே பார்த்துக்கொள்கிறேன் என்றேன். ராஜபாளையம், சிப்பிப்பாறை என்றால் பரவாயில்லை, இது நாட்டு நாய்தானே என்று நழுவினார்கள். கறுப்பியும் சாம்பலும் மிஞ்சின. பேர் வைத்தால் பிரிய முடியாது என்று அம்மா கறாராகச் சொல்லியிருந்ததால், நிறத்தைச் சொல்லியே கூப்பிட்டோம். அதுவே பேராகிவிட்டது.

மாசியில் அண்ணாச்சி கடைசித் தவணை கொடுத்தார். நாமே வைத்துக்கொள்வோம், வேறு வீடு பார்ப்போம் என்றேன். அப்போது எனக்கு வேலை இல்லை. "அட்வான்ஸுக்கு நீ தருவியால?" என்று அம்மா கேட்டாள். ரெண்டையும் கேட்டுக்கு வெளியே விட்டோம். சோறு மட்டும் ரெண்டு நேரமும் போகும்.

கறுப்பி என் கைவண்ணம். யாரைப் பார்த்தாலும் போய் உரசும். ஸ்கூல் பிள்ளைகளுக்கு அதுதான் செல்லம். சாம்பல் அம்மாவின் மாணவி. ஒரு சருகு விழுந்தாலும் சாக்கடைப் பாலத்துக்கு அடியில் போய்விடும். எனக்குக் கறுப்பியைப் பார்க்கப் பெருமையாக இருக்கும். சாம்பலைப் பார்க்கும்போதெல்லாம் அம்மா மேல் கோபம் வரும்.

பங்குனி வெயிலில் ஒரு நாள், தண்ணி கேன் போடுகிற லோடு ஆட்டோவின் நிழலில் கறுப்பி படுத்திருந்தது. நான் உள்ளே இருந்தேன். ஆட்டோ ஸ்டார்ட் ஆகிற சத்தம் கேட்டது. அப்புறம் கறுப்பியின் சத்தம். ஓடிப்போய்ப் பார்த்தால் டிரைவர் தலையில் கையை வைத்து நிற்கிறார். என் வயசுதான் இருக்கும். "நெசமா பாத்துதாண்ணே எடுத்தேன். கீழ கெடந்தது தெரியும். எல்லா நாயும் வண்டி ஸ்டார்ட் ஆனாலே எந்திரிச்சு ஓடிருமேண்ணே. இது ஏன் ஓடல?"

ஏன் ஓடவில்லை என்று எனக்குத் தெரியும். அந்தச் சத்தத்துக்கு என்ன அர்த்தம் என்று அதற்குச் சொல்லிக்கொடுத்தவன் நான். அது வாலை ஆட்டிக்கொண்டுதான் இருந்திருக்கும். அந்தப் பையனிடம் இதைச் சொல்லவில்லை. "உங்க தப்பு இல்ல, போங்க" என்று மட்டும் சொன்னேன்.

அம்மா அன்றைக்கு "நான் அப்பமே சொன்னேன்லா" என்று சொல்லுவாள் என்று காத்திருந்தேன். சொல்லவில்லை. கறுப்பியின் தட்டைக் கழுவிப் பரணில் வைத்தாள். ராத்திரி சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோது, "நீ நல்லதுதாம்ல நெனச்ச" என்றாள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

அதற்கப்புறம் ரொம்ப நாள் அந்த நோட்டைத் தொடவில்லை. ஸ்காட்டும் ஃபுல்லரும் பொய் சொல்லவில்லை. மூன்று கடுவன்களில் ஒன்று இப்போது தூத்துக்குடியில் ஒரு வீட்டில் இருக்கிறது. அந்த வீட்டுக் கைக்குழந்தை அதன் காதைப் பிடித்து எழுந்து நிற்கிற போட்டோ ஒன்று அனுப்பியிருந்தார்கள். குட்டி கண்ணை மூடிக்கொண்டிருக்கிறது. அதுவும் அதே அட்டவணைதான். நான் கதவும் காம்பவுண்டும் இருக்கிற ஒரு உலகத்தை மனதில் வைத்து ஐந்துக்கும் பாடம் எடுத்தேன். ரெண்டு குட்டிக்கு அந்த உலகம் வாய்க்கவில்லை. பயத்தை எடுத்துவிட்டால், அதற்குப் பதிலாக ஒரு காவலை நாம் கொடுத்தாக வேண்டும். என்னிடம் அட்வான்ஸுக்குக்கூடப் பணம் இல்லை.

அம்மா முழுக்கச் சரி என்றும் சொல்ல முடியாது. அந்த வருஷம் மழைக்காலத்தில் சாம்பலுக்கு முதுகில் புண் வந்து புழு வைத்துவிட்டது. பக்கத்தில் விடவில்லை. மருந்தைச் சோற்றில் கலந்து வைத்தால் மோந்து பார்த்துவிட்டுப் போய்விடும். வலை போட்டுப் பிடிக்க மூன்று நாள் ஆனது. அந்த மூன்று நாளும் அம்மா சரியாகச் சாப்பிடவில்லை. கேட்டில் தட்டிய கம்பைப் பற்றி நினைத்திருப்பாளோ என்னவோ. நான் கேட்கவில்லை. அப்போதே கருத்தடையும் பண்ணி, காது நுனியை வெட்டி, அதே தெருவில் திரும்ப விட்டார்கள்.

இப்போது எனக்கு வேலை இருக்கிறது. காலை எட்டரைக்கு ஸ்கூட்டரை வெளியே தள்ளுவேன். சாம்பல் எதிர்வீட்டு வேப்பமர நிழலில் படுத்திருக்கும். இன்னும் என் கைக்கு எட்டாத தூரத்தில்தான் படுக்கும். நான் ஸ்டார்ட் பண்ணியதும் சட்டென்று எழுந்து, வெட்டிய காதை விறைத்துக்கொண்டு, பாலத்துப் பக்கம் ஓடும். அது ஓடி முடிகிற வரை வண்டியை எடுக்காமல் நிற்பேன்.