அவசரப்பட்டது நான்தான்

“இந்தக் காலத்துப் பிள்ளைங்களுக்குப் பொறுமையே இல்லைங்க” என்று பெற்றோர் கூட்டங்களில் பல வருடம் பேசியிருக்கிறேன். கராத்தே மாஸ்டர் வாயிலிருந்து வந்தால் அந்தப் பேச்சுக்குத் தனி மரியாதை. அப்பா அம்மாக்கள் தலையாட்டுவார்கள். சொன்னது பொய். பொறுமை இல்லாதவன் நான்.

அடிப்படைப் பயிற்சியை ‘கிஹோன்’ என்போம். முன்காலை மடக்கி, பின்காலை நீட்டி நின்று, ஒரு கை குத்தும்போதே மறுகையை இடுப்புக்கு இழுக்க வேண்டும். பின்னங்குதிகால் தரையை விட்டு எழக் கூடாது. இவ்வளவுதான். இது சரியாக வர மாதக்கணக்கில் ஆகும். ஆறு வயதுப் பொடிசுகளை நிறுத்தி “இச், நி, சான்” என்று எண்ணினால் அவர்கள் சலிக்காமல் குத்துவார்கள். கேட்ட கதையையே மறுபடி சொல்லச் சொல்லும் வயது அது. சலிப்பு தட்டுவது எண்ணுகிறவனுக்கு. பள்ளி மைதானத்தின் சாயங்கால வெயிலில் ஒவ்வொரு பிள்ளையிடமும் குனிந்து, குதிகாலை அமுக்கிவிட்டு நகர வேண்டும். ஆரம்பத்தில் செய்தேன். பிறகு நின்ற இடத்திலிருந்தே “குட், குட்” என்றேன். அப்புறம், போரடிக்கும்போதெல்லாம் புதிதாக ஒரு கட்டாவை, அதாவது வரிசையாகச் செய்யும் அசைவுத் தொகுப்பை, சொல்லிக்கொடுத்து என் பொழுதைப் போக்கிக்கொண்டேன்.

ஆண்டுவிழாவில் ஓடு உடைக்கும் காட்சிக்கு மட்டும் எங்கிருந்தோ நேரம் கிடைத்துவிடும். நன்றாகக் காய்ந்த ஓடுகளை இடைவெளி விட்டு அடுக்கினால் சின்னக் கைக்கும் உடையும். அதை எந்தப் பெற்றோரிடமும் நான் சொன்னதில்லை.

பணத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். மாதக் கட்டணத்தில் எனக்கு மிஞ்சுவது சொற்பம். கையில் நிற்பது பெல்ட் டெஸ்ட் பணம்தான். மஞ்சளுக்கு ஒரு தொகை, ஆரஞ்சுக்குக் கொஞ்சம் கூடுதல், பச்சை, நீலம், பிரவுன் என்று நிறம் அடர அடர ரேட்டும் ஏறும். அப்போது மூன்று மாதத்துக்கு ஒரு டெஸ்ட். அந்த டெஸ்டுகளில் யாரும் ஃபெயிலானதே இல்லை. ஃபெயிலாக்கினால் அடுத்த மாதமே பிள்ளையை நீச்சலில் சேர்த்துவிடுவார்களே!

இந்த நிறங்களை ஏதோ ஆதிகால மரபு போல விளக்குவேன். அதுவும் அளப்புதான். கறுப்பு பெல்ட், ஜூடோவை 1882-இல் தொடங்கிய கனோ ஜிகோரோவின் ஏற்பாடு. கராத்தே அதை 1920களில் கடன் வாங்கியது. இத்தனை வண்ணங்கள் பரவியதில் பெரும்பங்கு, 1930களில் பாரிசில் ஜூடோ கற்பித்த கவாய்ஷி மிகினோசுகேக்கு. கண்ணுக்குத் தெரிகிற படிகள் இருந்தால் மாணவர்கள் சோர்ந்து விலக மாட்டார்கள் என்ற யோசனையில் தப்பில்லை. அதைக் கல்லாப்பெட்டிக் கணக்காக்கியது என் வேலை. கராத்தே முன்னோடி ஃபுனாகோஷி கிச்சின், தெக்கி கட்டாக்கள் மூன்றுக்கே பத்து வருடம் செலவழித்தார் என்று வகுப்பில் உருக்கமாகச் சொல்வேன். சொல்லிவிட்டு அதே சாயங்காலம் அடுத்த கட்டாவுக்குத் தாவுவேன்.

ஒரு மாவட்டப் போட்டியில் குட்டு உடைந்தது. என் மாணவிக்குப் பத்து வயது, பிரவுன் பெல்ட். எதிர்ப்பக்கத்துச் சிறுமிக்குப் பச்சைதான். எங்கள் பிள்ளை தாவல் வருகிற பெரிய கட்டா ஒன்றைச் செய்தாள். ஒவ்வொரு திருப்பத்திலும் குதிகால் எழும்பியது. இழுத்த கை இடுப்புக்கு வராமல் விலாவோடு நின்றது. பச்சை பெல்ட்காரி செய்தது ஹெயான் ஷோதான். ஒக்கினாவாவில் பள்ளிப் பிள்ளைகளுக்காக இதோசு அங்கோ அமைத்த வரிசையைச் சேர்ந்தது, மொத்தம் 21 அசைவு, தொடக்கக்காரர் பாடம். ஆனால் அவள் நின்றபோது நட்டுவைத்த கல்லாக நின்றாள். ஐந்து நடுவர்களின் கொடியும் அவள் பக்கமே உயர்ந்தது.

வெளியே வந்ததும் எங்கள் பிள்ளை கேட்டாள்: “நான் எங்க தப்பு பண்ணேன் மாஸ்டர்?”

“ஜட்ஜ் சரியில்லம்மா” என்றேன்.

தகுதியில்லாமல் பெல்ட் கொடுத்ததைக்கூட வயிற்றுப்பாடு என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம். அந்த ஒரு வார்த்தைக்கு எனக்குச் சமாதானம் கிடைக்கவில்லை. தோற்ற சூட்டோடு திருத்திக்கொள்ளத் தயாராக வந்த குழந்தை அவள். நான் அவளுக்குச் சாக்குச் சொல்லக் கற்றுக்கொடுத்தேன். பக்கத்தில் நின்ற அவள் அம்மாவும் நடுவர்களைத் திட்டத் தொடங்கினார். நான் தடுக்கவில்லை.

இப்போது டெஸ்ட் வருடத்துக்கு இரண்டுதான். குதிகால் எழும்பினால் அதே பெல்ட்டில் இன்னும் ஆறு மாதம். சிலர் நின்றுவிட்டார்கள், நான் பயந்தபடியே நீச்சலுக்குப் போனவர்களும் உண்டு. விசாரித்துப் பார்த்தால், பிள்ளை வரத் தயாராகத்தான் இருக்கும். பெரியவர்கள்தான் நிறுத்தியிருப்பார்கள்.

அந்தப் பெண்ணிடம் நடந்ததைச் சொன்னேன். நடுவர்கள் சரியாகத்தான் பார்த்தார்கள், நான்தான் உன்னைச் சரியாகப் பார்க்கவில்லை என்றேன். “அப்போ பெல்ட்டைத் திருப்பிக் கொடுக்கணுமா மாஸ்டர்?” என்று கேட்டாள். வேண்டாம், ஹெயான் ஷோதானிலிருந்து மறுபடி ஆரம்பிப்போம் என்றேன். சரி என்று அன்றைக்கே ஆரம்பித்துவிட்டாள். அத்தனை டெஸ்டுக்கும் வாங்கிய பணத்தைப் பற்றி அவள் அப்பாவிடம் நான் இன்னும் வாய் திறக்கவில்லை.