கப்பலேறிய 73 பேர்

மதுரைக்குக் கிழக்கே காளையார்கோவில் போகிறவர்கள் கோபுரத்தை அண்ணாந்து பார்த்து, மருது சகோதரர்களுக்கும் ஒரு கும்பிடு போடுகிறார்கள். 1801 அக்டோபர் 24-ந் தேதி திருப்பத்தூரில் தூக்கிலேறியவர்களுக்குச் சிலை உண்டு, குருபூஜை உண்டு. நியாயந்தான்.

ஆனால் தூக்குக்குத் தப்பியவர்கள்? 1802 பிப்ரவரியில் கும்பினியார் 73 பேரைத் தூத்துக்குடியில் கப்பலேற்றிப் பினாங்குக்கு நாடு கடத்தினார்கள். சின்ன மருதுவின் மகன் துரைசாமியும் அவர்களில் ஒருவன். மீசை அரும்பாத பிள்ளை. புதுக்கோட்டைத் தொண்டைமானும் எட்டயபுரத்தாரும் கும்பினியின் பக்கம் நின்ற போர் அது. வென்றவரிலும் நம்மவர், விலங்கு பூண்டவரிலும் நம்மவர். அதனால்தானோ என்னவோ, கப்பலேறியவர்களைப் பற்றி நாம் அதிகம் பேசுவதில்லை.

அவர்களுக்கு ஞாபகார்த்தம் எது? எழும்பூர் மியூசியத்தில் வளரி இருக்கிறது. எறிந்த கை எதுவென்று ஆயுதத்துக்குத் தெரியுமா? வெல்ஷ் என்ற வெள்ளைக்கார அதிகாரி, வளரி வீசச் சின்ன மருதுவிடமே பழகியவர். பிறகு அவரையே எதிர்த்துப் போரிட்டவர். 1818-ல் பினாங்கில் ஒரு தளர்ந்த மனிதன் எதிரே வந்து நின்றபோது அவருக்கு அடையாளம் தெரியவில்லை. துரைசாமி! முப்பது வயசு தாண்டியவுடனே கிழவன். 1830-ல் வெளிவந்த தம் நினைவுக் குறிப்புகளில் அதை எழுதி வைத்தார். அந்தப் பிள்ளையின் முகத்தை நமக்காகக் காப்பாற்றியது, தகப்பனை எதிர்த்தவரின் பேனா!

வீழ்ந்தவனுக்கு நடுகல் நட்ட சீமை இது. கப்பலேறியவனுக்குக் கல்கூட வேண்டாம், வளரிக்குக் கீழே ஒரு சீட்டு போதும்: "73 பேர். தூத்துக்குடி. 1802."