தில்லைப் பூவுக்கு வரும் தேனீ, தன் உண்ணியைத் தானே பார்த்துக்கொள்கிறது

சிதம்பரத்திலிருந்து கிள்ளை வழியாகப் பிச்சாவரத்துக்குச் சுமார் 15 கிலோமீட்டர். சம்பா அறுவடை முடிந்த தை, மாசியில் இந்தச் சாலையில் வந்தால், நெல் தாளுக்கு நடுவே உளுந்தும் பயறும் தலை நீட்டி நிற்கும். கடலை நெருங்க நெருங்க மண் மணலாகிறது. சவுக்குத் தோப்பும் தென்னையும் வருகின்றன. அதற்கப்பால், வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே, சுமார் 1,100 ஹெக்டேர் பரப்பில் அலையாத்திக் காடு. வருகிறவர்களில் பெரும்பாலோர் படகில் ஏறி, 1975ல் வந்த 'இதயக்கனி' படம் எடுத்த இடம் எது என்று கேட்டு, போட்டோ பிடித்துக்கொண்டு திரும்புகிறார்கள். மரத்தில் பூ இருக்கிறதா என்று நிமிர்ந்து பார்க்கிறவர்கள் குறைவு.

பார்க்க வேண்டிய பூ தில்லைப் பூ. சிதம்பரத்துக்குத் தில்லை என்று பெயர் வந்தது இந்த மரத்தால்தான். இன்று தில்லையைக் காடாகப் பார்க்க ஊரை விட்டு இந்த உப்புத் தண்ணீருக்குத்தான் வரவேண்டியிருக்கிறது. ஒடித்தால் பால் வடியும். கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. "கிளையைத் தொடாதீங்க" என்று படகோட்டிகள் முன்கூட்டியே சொல்லிவிடுவார்கள். தேனீக்கு அந்தப் பயம் இல்லை. தில்லையில் ஆண் மரம் தனி, பெண் மரம் தனி. ஆண் மரத்தின் மஞ்சள் பூக்கதிரில் காலையிலேயே ரீங்காரம் கேட்கும். வெண்கண்டல் பூத்தாலும் அப்படித்தான்.

இந்தப் பக்கத்துத் தேனீக்களில் மலைத்தேனீ உயரத்தில் ஒற்றை அடை கட்டும். கொம்புத் தேனீ புதரில் சின்ன அடை கட்டும். பனைப் பொந்திலும் பழைய சுவரிலும் புற்றிலும் அடுக்கடுக்காக அடை கட்டுவது இந்தியத் தேனீ. அடுக்குத் தேனீ, பொந்துத் தேனீ என்பதும் இதைத்தான். பெட்டியில் குடிவைக்க ஏற்றதும் இதுதான். கரையோரக் கிராமங்களில் கத்தரிக்கோ தென்னைக்கோ பக்கத்தில் இரண்டு பெட்டி வைக்க நினைக்கும் விவசாயி, பயிற்சி முகாமில் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "சார், பெட்டியில உண்ணி வருதாமே, என்ன மருந்து வைக்கணும்?"

இந்தியத் தேனீயாக இருந்தால், அநேகமாக ஒன்றும் வைக்க வேண்டாம்.

அந்த உண்ணியின் பெயர் வர்ரோவா. ஒன்றரை மில்லிமீட்டர் அகலம், செம்பழுப்பு நிறம், தட்டை உடம்பு. நீளத்தைவிட அகலம் அதிகம் என்பதால், பிச்சாவரம் சேற்றில் ஓடும் நண்டைச் சுருக்கி வைத்ததுபோல இருக்கும். தேனீயின் வயிற்று மடிப்பில் செருகிக்கொண்டு உடம்பின் கொழுப்புத் திசுவைத் தின்கிறது. முட்டை வைக்க மட்டும் அதற்கு மூடிய அறை வேண்டும். புழு வளர்ந்து, வேலைக்காரத் தேனீக்கள் அறையை மெழுகால் மூடப்போகும் நேரம் பார்த்து உள்ளே நுழைந்துவிடும். மூடிய சுமார் மூன்றாம் நாள் முதல் முட்டை வைக்கும். பிறகு ஒவ்வொன்றாக வைத்துக்கொண்டே போகும். தேனீ வெளியே வரும்போது தாய் உண்ணியோடு மகள்களும் வெளியே வரும்.

இத்தாலியத் தேனீயின் கூட்டில் வேலைக்காரத் தேனீ அறையிலும் ஆண் தேனீ அறையிலும் இது பெருகுகிறது. இந்தியத் தேனீயிடம் அநேகமாக ஆண் தேனீ அறையில் மட்டும்தான் பெருக முடிகிறது. ஆண் தேனீ வளர்வதோ வருஷத்தில் சில மாதம்தான். மற்ற நாளில் உண்ணிக்குத் தொட்டில் கிடையாது.

வேலைக்காரத் தேனீ அறையில் ஏன் முடியவில்லை? உண்ணி ஏறிய புழு சீக்கிரமே செத்துப்போகிறது. செத்ததை மற்ற தேனீக்கள் மோப்பம் பிடித்து, அறையைத் திறந்து இழுத்து வெளியே போட்டுவிடும். தனிப் புழுவாகப் பார்த்தால் இது பலவீனம். குடும்பமாகப் பார்த்தால், அந்த ஒரு சாவோடு உண்ணியின் வம்சமும் நின்றுபோகிறது.

ஆண் தேனீ அறையில் கதை வேறு. அதன் மூடி கெட்டியானது, நடுவில் ஊசித் துளை போல ஓட்டை இருக்கும். இரண்டு மூன்று உண்ணி ஏறி நலிந்த ஆண் தேனீக்கு அந்த மூடியைத் திறக்கத் தெம்பு இருக்காது. வெளியிலிருந்தும் யாரும் திறந்துவிட மாட்டார்கள். உள்ளேயே உண்ணியோடு சமாதி.

போதாததற்குப் பேன் பார்ப்பதும் உண்டு. உடம்பில் உண்ணி ஏறினால் தேனீ உதறி ஆடும். பக்கத்துத் தேனீக்கள் வந்து கவ்வி எடுத்துக் கடித்துப் போடும். சீனாவில் 1980களில் நடந்த ஆய்வில் ஏற்றிவிட்ட உண்ணிகளைச் சில நிமிஷத்திலேயே அகற்றிவிட்டன. பின்னால் வந்த ஆய்வுகள் சிலவற்றில் அவ்வளவு வேகம் காணப்படவில்லை.

இந்தியத் தேனீ வளர்ப்பவர்களின் பெரிய புகார், "சொல்லாமக் கொள்ளாம ஓடிப்போயிடுது" என்பது. வயிற்றெரிச்சல்தான். ஆனால் அது ஓடும்போது மூடிய அறைகளை, உள்ளே இருக்கும் உண்ணியோடு விட்டுவிட்டுப் போகிறது. புது இடத்தில் அடை கட்டி, ராணி முட்டை வைத்து, அறை மூடும் வரை உண்ணிக்குப் பெருக வழியில்லை.

இந்த உண்ணியை அறிவியல் முதலில் பதிவு செய்ததே 1904ல், ஜாவாத் தீவில், நம் தேனீ இனத்தின் மேலிருந்துதான். இரண்டும் நெடுங்காலமாகச் சேர்ந்து வாழ்ந்தவை. இத்தாலியத் தேனீயை ஆசியாவுக்குக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தபோது உண்ணி அதற்குத் தாவியது. பழக்கமில்லாத அந்தத் தேனீ தாங்கவில்லை. அமெரிக்காவுக்கு 1987ல் போயிற்று, நியூசிலாந்துக்கு 2000ல், ஆஸ்திரேலியாவுக்கு 2022ல். அங்கெல்லாம் பெரும்பாலான பெட்டிகளுக்குத் தவறாமல் மருந்து வைக்கிறார்கள். சில மருந்துகள் மெழுகிலேயே தங்கிவிடுகின்றன, உண்ணிக்கும் பழகிப்போகின்றன.

இத்தாலியத் தேனீயும் கற்றுக்கொள்ளும், விட்டால். சுவீடனில் கோட்லாந்து தீவில் 1999ல் 150 குடும்பங்களை மருந்தே இல்லாமல் விட்டுப் பார்த்தார்கள். சில வருஷத்தில் பெரும்பாலானவை அழிந்தன. மிஞ்சிய கொஞ்சம் உண்ணியோடு வாழப் பழகின. இரண்டு பெட்டிக்காரர் செய்து பார்க்கிற சோதனை அல்ல இது.

நம் தேனீ எல்லாவற்றையும் தாங்கும் என்று நினைத்துவிடவும் கூடாது. 1991-92ல் 'தாய் சாக் புரூட்' என்ற வைரஸ் நோய் தென்னிந்தியாவில் பரவியபோது, மார்த்தாண்டம் பக்கமும் கேரளத்திலும் கர்நாடகத்திலும் இந்தியத் தேனீக் குடும்பங்களில் பெரும்பகுதி அழிந்தது. உண்ணிக்கு இருந்த காப்பு வைரஸுக்கு இல்லை. பெட்டியை நம்பியிருந்த வீடுகள் வருமானம் இழந்தன. பலர் இத்தாலியத் தேனீக்கு மாறியதும் அதற்குப் பிறகுதான். பிழைத்த குடும்பங்களிலிருந்து மெல்ல மெல்லப் பெருகியவைதான் இன்று இருப்பவை.

ஆகவே பெட்டி வாங்கும்போதே கணக்குப் போட வேண்டும். இத்தாலியத் தேனீ தேன் அதிகம் தரும். பூ இல்லாத மாதங்களில் சர்க்கரைப் பாகு, இடம் மாற்றும் லாரிச் செலவு, உண்ணி மருந்து எல்லாம் கூடவே வரும். அரை ஏக்கர்காரருக்கு இந்தியத் தேனீயே தோது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைப்பது சரியல்ல. பூ குறைந்த காலத்தில் பெரியது சின்னதின் பெட்டியில் புகுந்து தேனைக் கொள்ளையடிக்கும்.

இந்தியத் தேனீப் பெட்டியில் உண்ணி இருக்கிறதா என்று பார்க்க ஆசைப்பட்டால், மூடிய ஆண் தேனீ அறை நாலைந்தை முள்ளால் கீறிப் பார்த்தால் போதும். ஒன்றிரண்டு தென்பட்டால் பதறத் தேவையில்லை. இத்தாலியத் தேனீக்குச் சொல்வதுபோல ஆண் தேனீ அடையை முழுக்க வெட்டி எறிந்தால், அக்கம்பக்கத்துப் புது ராணிகள் கூடுவதற்கு ஆண் தேனீ இல்லாமல் போகும். கவலைப்பட வேண்டியது மெழுகு அந்துப்பூச்சிக்கும் எறும்புக்கும், பக்கத்து வயலில் பூக்கும் நேரத்தில் அடிக்கும் பூச்சிக்கொல்லிக்கும்தான். பெட்டியைப் பெருக்கும்போது, நோய்க் காலத்திலும் தாக்குப்பிடித்து நின்ற குடும்பத்திலிருந்து பிரித்தெடுப்பது நல்லது.

இன்னொன்று பொந்து. 2011 டிசம்பர் 30ல் தானே புயல் கடலூர் மாவட்டத்தைப் புரட்டிப்போட்டபோது முந்திரியும் பலாவும் பழைய மரங்களும் சாய்ந்தன. சாய்ந்த மரத்தோடு பொந்தும் போயிற்று. மிஞ்சிய கிழட்டுப் பனைகளை விறகுக்கும் சூளைக்கும் வெட்டுகிறார்கள். வெட்டுமுன் சாயங்காலத்தில் மரத்தில் காது வைத்துக் கேட்டால், உள்ளே குடியிருந்தால் சத்தம் தெரியும். அந்தக் குடும்பத்தைப் பெட்டிக்கு மாற்றத் தெரிந்த ஆள் வரும் வரை, கோடாலியை ஒரு வாரம் தள்ளி வைக்கலாம்.