கை உள்ளே இருக்கு

கையில்லாத குர்தி ஒன்றை எடுத்து வைத்துக்கொண்டு யோசித்து நிற்கிற பெண்ணிடம் துணிக்கடைப் பெண் சொல்லும் முதல் வார்த்தை இது: "கை உள்ள இருக்குக்கா." உடுப்பை உள்பக்கமாகப் புரட்டினால் இரண்டு துண்டுத் துணி ஒட்டுத் தையலில் தொங்கும். வேண்டுமென்றால் வைத்துத் தைத்துக்கொள்ளலாம், வேண்டாமென்றால் பிய்த்துப் போட்டுவிடலாம். விளிம்பைப் பார்த்தால் அங்கேயும் ஓர் அங்குலம் மடித்து விட்டிருப்பார்கள். பக்கத் தையலுக்கு உள்ளே இன்னும் கொஞ்சம். மிச்சத்தை நீயே பார்த்துக்கொள் என்று சொல்லிவிட்டுத்தான் குர்தி கடையை விட்டே கிளம்புகிறது.

பெண்கள் பத்திரிகைகளில் குர்தியைப் பற்றி எழுதும்போதெல்லாம் நிறம், கம்மல், செருப்பு என்றே பேச்சு போகும். நான் வேறு கட்சி. டாப் என்பது பாதி உடுப்பு. அது ஆபீசுக்குப் போகப் போகிறதா, கோயிலுக்கா, கல்யாண வரவேற்புக்கா என்பதைத் தீர்மானிப்பது ஸ்லிட் எங்கே தொடங்குகிறது, கீழே என்ன போடுகிறோம், ஷால் உண்டா இல்லையா என்பவைதான். இந்த மூன்றில் முதலாவது தையல்காரர் கையில் இருக்கிறது. அதனால் அவரிடமிருந்து தொடங்குவதுதான் மரியாதை.

மதுரைக்காரர்களுக்கு ரொம்ப காலம் தையல் என்றால் புதுமண்டபம். மீனாட்சி அம்மன் கோயில் கிழக்குக் கோபுரத்துக்கு எதிரே, திருமலை நாயக்கர் காலத்தில் எழுந்த மண்டபம். சிற்பத் தூண்களுக்கு நடுவே தையல் மிஷின்கள் வரிசையாக ஓடிக்கொண்டிருக்கும். சித்திரைத் திருவிழாவுக்குக் கள்ளழகர் வேடம் போடுகிறவர்களின் உடுப்பும் அங்கேதான் உருவாகும், பத்து நிமிஷத்தில் பிடித்துத் தர வேண்டிய என் காட்டன் டாப்பும் அங்கேதான். இப்போது கடைகள் பக்கத்திலிருக்கும் குன்னத்தூர் சத்திரத்துக்கு இடம் மாறிவிட்டன. மண்டபத்துக்கு அது நல்லது. தூணோரத்து நிழலில் தையல் முடியக் காத்திருந்த எங்களுக்கு அவ்வளவு நல்லதில்லை.

நான் துணி கொடுக்கும் அண்ணன் நிற்க வைத்து அளவெடுப்பதோடு விடமாட்டார். ஸ்டூலைக் காட்டி, "உக்காருங்கம்மா" என்பார். "நின்னா எல்லா டாப்பும் நல்லாத்தான் இருக்கும். வண்டியில உக்காந்தாத்தான் அதோட குணம் தெரியும்." இதைவிடச் சுருக்கமாக ஸ்ட்ரெய்ட் கட் குர்தியைப் பற்றி யாரும் சொல்லிவிட முடியாது. ரெடிமேடாக வருகிறவற்றில் பாதிக்கு ஸ்லிட் இடுப்பிலேயே தொடங்கிவிடுகிறது. ஸ்கூட்டியில் உட்கார்ந்ததும் முன்பக்கம் ஒரு திசையில் பறக்க, பின்பக்கம் இன்னொரு திசையில் பறக்க, சிக்னலில் நிற்கும் நேரமெல்லாம் அதை இழுத்து இழுத்து உட்காரும் இடத்தில் சொருகுவதே வேலை. அதற்காக ரொம்பக் கீழே இறக்கினாலும் ஆபத்து. பஸ் படியில் காலை வைக்கும்போது துணி தொடையைப் பிடித்து நிறுத்தும். இடுப்பெலும்பு அகன்று முடிகிற இடம்தான் பெரும்பாலோருக்குச் சரி. அந்த இடத்தில்தான் இழுவை எல்லாம் வந்து சேர்வதால் உள்பக்கம் ஒரு சின்னத் துண்டு கொடுத்து இரண்டு தரம் ஓட்டச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் மூன்றாம் மாதம் அங்கேதான் கிழியும்.

வடநாட்டுப் பழைய குர்தாவில் இந்தத் தொல்லை குறைவு. சதுரமும் நீள்சதுரமும் முக்கோணமுமாக, துணி வீணாகாமல் வெட்டிச் சேர்த்த உடுப்பு அது. அக்குளில் ஒரு சதுரத் துண்டைத் திருப்பி வைத்திருப்பார்கள், கை தாராளமாக மேலே போகும். இப்போது வளைத்து வெட்டுகிற ரெடிமேட் டாப்பில் அந்தத் துண்டு காணாமல் போய்விட்டது. பஸ்ஸில் மேல்கம்பியைப் பிடிக்கக் கையைத் தூக்கினால் உடுப்பு முழுக்கக் கூடவே தூக்கிக்கொண்டு வருவது அதனால்தான். நல்ல தையல்காரராக இருந்தால், உள்ளே விட்ட துணியில் இருந்தே அந்தத் துண்டை வெட்டி வைத்துக் கொடுத்துவிடுவார். பக்கத் தையலில் ஒரு பாக்கெட்டும் கேளுங்கள். ஆனால் ஸ்லிட் தொடங்கும் இடத்துக்கு மேலேயே பையின் அடி முடிந்துவிட வேண்டும், இல்லாவிட்டால் செல்போன் கனத்தில் ஒரு பக்கம் தொங்கும்.

இனி கீழே போடுவது. சண்டையெல்லாம் இங்கேதான்.

லெக்கின்ஸ் வந்த பிறகுதான் குர்தி நம் ஊரில் தனி உடுப்பானது என்று நினைக்கிறேன். அதற்கு முன்பு சுடிதார் மெட்டீரியல் என்று டாப்புக்கும் பேண்டுக்கும் ஷாலுக்கும் சேர்த்து மூன்று துண்டாக வாங்கித் தைப்போம். ஒன்று சாயம் போனால் மூன்றும் போச்சு. இழுத்தால் நீண்டு விட்டால் சுருங்குகிற எலாஸ்டேன் இழையை 1958ல் அமெரிக்காவில் டூபாண்ட் கம்பெனியில் கண்டுபிடித்தார்கள். அதைப் பருத்தியோடு கொஞ்சமே கொஞ்சம் கலந்து பின்னி, நிறம் நிறமாகத் திருப்பூரும் அடுக்கித் தள்ளியதும், மூன்று துண்டு என்ற கட்டு அவிழ்ந்தது. நாலு டாப், இரண்டு லெக்கின்ஸ் என்று வாரத்தை ஓட்டிவிடலாம்.

உடனே ஊர் கண் வைத்தது. 2015ல் ஒரு தமிழ்ப் பத்திரிகை, காற்றில் டாப் விலகி லெக்கின்ஸ் தெரியும் பெண்களின் படத்தை அட்டையில் போட்டுக் கலாச்சாரக் கவலைப்பட்டது. பெண்கள் நன்றாகவே திருப்பிக் கொடுத்தார்கள். 2016 ஜனவரி முதல் தேதியிலிருந்து கோயில்களில் உடைக் கட்டுப்பாடு வந்தது. உயர்நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவு. புடவை, தாவணி, மேல்துணியோடு சுடிதார் என்றால் உள்ளே போகலாம். லெக்கின்ஸ் என்றால் வாசலில் நிறுத்தினார்கள். அந்த மாதமே அதற்கு இடைக்காலத் தடை வந்துவிட்டது. 2019ல் தலைமைச் செயலக ஊழியர்களுக்கான அரசாணையும் சுடிதாரை அனுமதித்தது, துப்பட்டா வேண்டும் என்ற நிபந்தனையோடு. மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் ஒன்று பளிச்சென்று தெரிகிறது: மேலே போட்ட டாப்பைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. கீழே இருப்பதும் தோளில் கிடப்பதும்தான் எல்லாருக்கும் கவலை.

எனக்கும் லெக்கின்ஸ் மேல் ஒரு புகார் உண்டு, ஆனால் அது கலாச்சாரப் புகார் இல்லை. ஸ்ட்ரெய்ட் கட் டாப்புக்கு அது சரியான ஜோடியே கிடையாது. மேலே தொளதொளவென்று நேராக இறங்கும் துணி, கீழே காலோடு ஒட்டிய துணி, நடுவில் ஸ்லிட். எங்கே பார்த்தாலும் ஏதோ ஒன்று குறைகிறது. நேர் வெட்டு டாப்புக்குக் கணுக்காலுக்குச் சற்று மேலே நிற்கும் பருத்தி பேண்ட்தான் அழகு. லெக்கின்ஸை ஏ-லைனுக்கும் அம்பர்லா கட்டுக்கும் விட்டுவிடலாம், அவற்றில் ஸ்லிட்டே இல்லை. முட்டிக்கு மேலே நிற்கும் குட்டை டாப் என்றால் ஜீன்ஸ் அல்லது பலாசோ. பலாசோவோடு நீள டாப்பைப் போட்டு, ஒட்டடைக்குச்சியில் போர்வை போர்த்தியதுபோல் நடமாடுகிறவர்களிடம் எனக்கு ஒன்றும் சொல்வதற்கில்லை. உடம்பு நிறத்தில் மட்டும் லெக்கின்ஸ் வாங்காதீர்கள், தூரத்திலிருந்து பார்க்கிறவர்களுக்கு வீண் பதற்றம்.

தினசரிக்குத் துணி என்று கேட்டால் பருத்திதான். ரேயான் கடையில் தொங்கும்போது அருமையாக விழும். மே மாதம் வியர்த்ததும் முதுகோடு ஒட்டிக்கொள்ளும். எங்கள் ஊர்ச் சுங்குடி இப்போது மீட்டர் கணக்கிலும் கிடைக்கிறது. சௌராஷ்டிரக் குடும்பங்களின் கைவேலை, 2005ல் புவிசார் குறியீடு பெற்றது. கையால் முடிச்சுப் போட்டுச் சாயம் ஏற்றியது என்றால் ஒவ்வொரு புள்ளியும் கொஞ்சம் கோணலாக, நடுவில் துளி நிறத்தோடு இருக்கும். தடவினால் முடிச்சு இருந்த இடம் மேடு தட்டும். எல்லாப் புள்ளியும் ஒரே அச்சாக இருந்தால் அது பிரிண்ட். எதுவானாலும் தைக்கக் கொடுக்கும் முன் ஒரு ராத்திரி தண்ணீரில் ஊறப் போட்டுக் காய வையுங்கள். சுருங்குவது துணியாகச் சுருங்கட்டும், டாப்பாகச் சுருங்க வேண்டாம்.

விசேஷத்துக்கு என்றால் கடைக்கே போக வேண்டாம் என்பேன். அம்மாவின் பட்டுப் புடவை ஒன்று பீரோவில் மடிப்பு விட்டுக் கிடக்கும், அதை அனார்கலியாக்கலாம். 1960ல் வந்த முகல்-ஏ-ஆஸம் படத்தில் மதுபாலா சுழன்று ஆடிய உடுப்பு எல்லார் நினைவிலும் இருப்பதால், வட்டமாக வெட்டினால்தான் அனார்கலி என்று நினைத்துக்கொள்கிறோம். பட்டுப் புடவையில் அது நடக்காது. புடவை பார்டர் நேர்கோடு, வட்டப் பாவாடையின் விளிம்பு வளைவு, இரண்டும் ஒத்துப்போகாது. தையல்கார அண்ணன் புடவையைத் தரையில் விரித்துக் கணக்குப் போட்ட விதம் இன்னும் கண்ணில் நிற்கிறது. அகலம் 48 அங்குலம். நெஞ்சுக்குக் கீழே பாவாடைப் பகுதிக்கு 34 போதும். கீழ் பார்டரை வெட்டாமல் அப்படியே விளிம்பாக வைத்து, மேல்பக்கம் சுருக்கிட்டு யோக்கில் சேர்த்துவிட்டார். மேலே மிஞ்சிய 14 அங்குலப் பட்டையில் இன்னொரு பார்டர் இருந்தது. அது கைகளின் ஓரத்துக்குப் போனது. முந்தி, யோக் ஆனது. வெட்டுவதற்கு முன்னால் துணியைச் சாண் சாணாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பழைய பட்டு மடிப்பில்தான் முதலில் நைந்துபோகும். நைந்த கோடுகளுக்குச் சாக்பீஸில் அடையாளம் போட்டு, அவை சுருக்குக்குள் மறைகிற மாதிரி பார்த்துக்கொண்டார்.

"கொஞ்சம் பிடிச்சுத் தைங்கண்ணே" என்றேன்.

"பழைய பட்டைப் பிடிச்சுத் தைச்சா மூச்சு விட்டதும் பிரிஞ்சிரும்மா. தொளதொளன்னே இருக்கட்டும். லைனிங் கண்டிப்பா வேணும், ஜரிகையோட பின்பக்கம் குத்தும்."

ஷால் வேண்டாம் என்பதும் அவர் தீர்ப்பே. முந்தி நெஞ்சில் இருக்கும்போது அதை மூடி இன்னொரு துணி எதற்கு? கீழே மடிப்பு விழும் சுடிதார் பேண்ட், காதில் ஜிமிக்கி, தலையில் பூ, அவ்வளவுதான். எளிய பருத்தி டாப்புக்குத்தான் பண்டிகை நாளில் கனமான ஷால் தேவைப்படும். சாதா வெள்ளை டாப் மேல் பனாரஸ் ஷாலைப் போட்டால் அதுவே கல்யாண உடுப்பு. வண்டியில் போகிறவர்கள் அதை இரு தோளிலும் பின் குத்தி, நுனிகளை இடுப்பில் கட்டிக்கொண்டு கிளம்புங்கள். பின் சக்கரத்தில் ஷால் சிக்குவது நம் சாலைகளில் உயிரை எடுக்கிற விஷயம்.

ஒன்று மட்டும் ஞாபகம் இருக்கட்டும். தீபாவளிக்குப் போட வேண்டுமென்றால் புடவையைப் புரட்டாசிக்குள் கொடுத்துவிடுங்கள். ஐப்பசி பிறந்த பிறகு போனால் அவர் துணிப் பையைப் பிரித்துக்கூடப் பார்க்க மாட்டார். மிஷினிலிருந்து தலையைத் தூக்காமலே, "பொங்கலுக்குப் பாத்துக்குவோம்மா" என்று சொல்லிவிடுவார்.