மலை ஒன்று, காற்று இரண்டு

சில ஆண்டுகளுக்கு முன் பாரிஸ் சென்றிருந்தபோது, லா சப்பல் அருகே வசிக்கும் பழைய பத்திரிகைத் தோழர் ஒருவர் விருந்துக்கு அழைத்தார். பனிக்கட்டியின் மீது அடுக்கிய சிப்பிகள். பக்கத்தில் மஸ்கடே எனும் வெள்ளை வைன். நான் மதுப் பிரியன் அல்லன். ஆயினும் செய்தியாளனின் ஆவல் விடவில்லை. அரைக் கிண்ணம் சுவைத்தேன். எலுமிச்சையை ஒத்த புளிப்பு, மிக மெல்லிய உப்புச் சாயல், இனிப்பு என்பதே இல்லை. சிப்பியின் கொழுமையை அது நாவிலிருந்து துடைத்தெடுத்தது.

லுவார் ஆறு அத்திலாந்திக்கில் கலக்கும் நாந்த் நகரச் சுற்றுப்புறத்தில் விளைவது மஸ்கடே. சிப்பியோ அதே கடற்கரையில் கிடைப்பது. மண், காற்று, வெயில் மூன்றும் சேர்ந்து ஒரு சுவையை உண்டாக்குவதைப் பிரெஞ்சுக்காரர் 'தெருவார்' என்பர் என்று நண்பர் விளக்கினார்.

"எங்கள் நாட்டிலும் அப்படி ஒன்று உண்டே, அண்ணே" என்றேன்.

"எது, கள்ளா?" என்று சிரித்தார்.

"இல்லை, ஊவாத் தேயிலை."

அவர் சிரிப்பை நிறுத்திவிட்டார்.

உலகின் தலைசிறந்த கறுப்புத் தேயிலைகளைப் பட்டியலிடுவோர் டார்ஜிலிங்கையும் சீனத்துக் கீமுனையும் சொன்ன கையோடு ஊவாவையும் சொல்வார்கள். தாமஸ் லிப்டன் 1890 இல் வந்து தோட்டங்கள் வாங்கிய மலை இது. ஆனால் ஆண்டு முழுவதும் அந்தச் சுவை கிடைப்பதில்லை. ஜூலை முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று தன் மழையையெல்லாம் மேற்குச் சரிவுகளில் கொட்டிவிட்டு, மலை முகடு தாண்டி ஊவாவுக்குள் வறண்ட காற்றாய் இறங்கும். கச்சான் என்பது அதன் பெயர். அந்த வறட்சியில் செடி வாடும், வளர்ச்சி குறையும், கொழுந்தில் மணப்பொருட்கள் செறியும். மெத்தில் சாலிசிலேட் அவற்றுள் முக்கியமானது. தலைவலித் தைலத்தில் நாம் முகரும் வாசனைதான் அது. தேநீரில் அது மென்மையாய், புதினாக் குளிர்ச்சியோடு வெளிப்படும்.

கொழும்புத் தேயிலை ஏலத்துக்குச் சுவை பார்ப்பவர்கள் ஓசையெழ உறிஞ்சி, நாவில் புரட்டி, துப்பிவிடுவார்கள். வைன் சுவைஞர்களும் அவ்வாறே. விழுங்காமலே விலை சொல்லும் வித்தை இரண்டுக்கும் பொது.

எதனோடு அருந்துவது? வெறும் சாயமாக அருந்துவதானால், உள்ளங்கையில் சீனியையோ ஒரு துண்டு கித்துள் கருப்பட்டியையோ வைத்துக்கொண்டு, ஒரு வாய் இனிப்பு, ஒரு மிடறு சாயம். தேநீரில் இனிப்பைக் கரைத்தால் மணம் அமுங்கிவிடும். ஊவாத் தேயிலைக்கு உறைப்பு உண்டாகையால் பால் சேர்த்தாலும் தன் குணத்தை இழக்காது. ஆனால் அதற்கு உற்ற துணை, லயத்து அடுப்பில் சுட்ட கோதுமை மா ரொட்டியும் இடித்த தேங்காய்ச் சம்பலும்தான். தேங்காயின் கொழுப்பையும் செத்தல் மிளகாயின் எரிவையும் ஒரே மிடறில் கழுவிவிடும். சிப்பிக்கு மஸ்கடே செய்த அதே வேலை.

ஆனால் இந்தப் பொருத்தத்தைத் தோட்டத்து மக்களே அறிந்ததில்லை. பருவத் தேயிலை கப்பலேறிவிடும். கொழுந்து பறித்தவர்களின் கோப்பைக்கு வருவது பெரும்பாலும் தூள். மஸ்கடேயையும் சிப்பியையும் நாந்த் மக்கள் ஒரே மேசையில் வைத்து உண்கிறார்கள். நம்மவர்களுக்கு ரொட்டி இங்கே, தேயிலை இலண்டனிலும் தோக்கியோவிலும்.

நண்பர் கேட்டார்: "மீரியபெத்தவும் அந்த மலைதானே?"

ஆம். மேற்கிலிருந்து வரும் மழையை மறித்துச் சுவையைத் தரும் அதே மலைதான், ஆண்டின் பிற்பகுதியில் கிழக்கிலிருந்து வரும் மழையை முழுதாய் வாங்கிக்கொள்கிறது. 2014 அக்டோபர் 29 காலை, பல நாள் மழைக்குப்பின், கொஸ்லந்தைக்கு அருகே மீரியபெத்தயில் மலைச்சரிவு பெயர்ந்து லயங்களை மூடியது. பள்ளிக்கூடம் புறப்பட்டுவிட்ட பிள்ளைகள் சிலர் தப்பினார்கள். திரும்பி வந்தபோது வீடும் பெற்றோரும் இல்லை. பலருடைய உடல்கள் இன்றும் மண்ணுக்குள்தான். அந்த இடம் ஆபத்தானது என்று 2005 லும் 2011 லும் நிபுணர்கள் எச்சரித்திருந்தார்கள். எச்சரிக்கை வந்தது, போவதற்கு வேறு நிலம் வரவில்லை. எந்தத் தேயிலையை ஊர்பேர் சொல்லி உலகம் விலை பேசியதோ, அந்த மண்ணில் ஒரு பேர்ச் காணிகூட அந்தக் குடும்பங்களின் பெயரில் இருக்கவில்லை.

எஞ்சியவர்களுள் பலர் தங்கவைக்கப்பட்டது மக்கல்தெனிய தேயிலைத் தொழிற்சாலையில். கொழுந்து வாட்டுவதற்கென்று கட்டிய கட்டடத்தில் மனிதர்கள் வாடினார்கள். புதிய வீடுகள் கைக்கு வர 2016 ஆகிவிட்டது.

ஊர் திரும்பியதும் நண்பருக்கு ஊவாப் பருவத் தேயிலைப் பொதி ஒன்று அனுப்பினேன். ரொட்டி சுட்டு, சம்பல் இடித்து, சாயம் ஊற்றி அருந்தியதாகத் தொலைபேசினார். "மணம் அருமை. ஆனால் முதல் மிடறு இறங்க நேரமெடுத்தது" என்றார்.

எனக்கும் அப்படித்தான். அருந்துவதை நான் நிறுத்தவில்லை. நிறுத்தினால் பறிப்பவர்களுக்கு வயிறு நிறையாது. அடுத்த முறை நீங்கள் ஊவாத் தேநீர் அருந்தும்போது, ஒரே மலையில் மோதும் அந்த இரண்டு காற்றையும் நினைத்துக்கொள்ளுங்கள்.