தோசைக்கல்லில் ஒரு சர்லாயின்

சர்லாயின் என்னும் பெயரைக் குறித்து இங்கிலாந்தில் ஒரு கதை வழங்குகிறது. 1617இல் முதலாம் ஜேம்ஸ் மன்னர் லங்காஷயரிலுள்ள ஹோட்டன் டவர் மாளிகையில் விருந்துண்டார். மாட்டின் முதுகுக்கறியின் சுவையில் மயங்கி, வாளை உருவி, அதற்கு ‘சர்’ பட்டம் சூட்டினாராம். மன்னர் ஒருவர் இறைச்சிக்குப் பட்டம் கொடுத்த செய்திக்குச் சாமுவேல் ஜான்சனும் தம் 1755ஆம் ஆண்டு அகராதியில் இடமளித்தார். உண்மை எளியது. பழைய பிரெஞ்சில் ‘சுர்’ என்றால் மேல். இடுப்புக்கு மேலுள்ள பகுதி என்பதே பொருள். ஜேம்ஸ் பிறப்பதற்கு முன்பே சொல் புழக்கத்தில் இருந்தது. கதை பொய்தான் என்றாலும் எங்களுக்கு அது பிடித்திருக்கிறது. அங்கே இறைச்சிக்குப் பட்டம் கொடுத்தார்கள். நம் ஊரிலோ இறைச்சியைக் காட்டி மனிதருக்குப் படிநிலை வகுத்தோம்.

நாங்கள் இருவர். ஒருவர் வளர்ந்த வீட்டில் முட்டைகூட வாசற்படி தாண்டியதில்லை. மற்றவர் வீட்டில் ‘பெரிய கறி’ கொல்லைப்புற அடுப்பில், தனியே ஒதுக்கிய சட்டியில் வெந்தது. பக்கத்துத் தெருவிலிருந்து யாராவது வந்தால் கொல்லைக் கதவு சாத்தப்பட்டது. அந்தக் கறியின் பெயர் இரண்டு வீடுகளிலும் உரக்க ஒலித்ததில்லை. ஒன்றில் அருவருப்பு, மற்றதில் அச்சம். இப்போது இங்கிலாந்தில், சனிக்கிழமை மாலைகளில், சன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு ஸ்டேக் சமைக்கிறோம்.

இங்கே சர்லாயின் எனப்படுவது அமெரிக்கர்கள் ஸ்ட்ரிப் என்றழைக்கும் துண்டம். அவர்களுடைய சர்லாயின் இன்னும் பின்னே தள்ளி வருவது, சற்றே கடினமானது. மூன்று சென்டிமீட்டர் கனமும் ஏறக்குறைய 250 கிராம் எடையும் இருந்தால் ஒருவருக்குப் போதும். உப்பை முக்கால் மணி நேரம் முன்னதாகத் தடவ வேண்டும், அல்லது அடுப்பிலிடும் கணத்தில் தூவ வேண்டும். இடைப்பட்ட நேரத்தில் தூவினால் ஊறி வெளிவந்த நீர் மேற்பரப்பிலேயே தங்கி, முறுகலைக் கெடுத்துவிடும். ஈரத்தை ஒற்றியெடுத்து, முதலில் கொழுப்பு விளிம்பைச் செங்குத்தாக நிறுத்தி உருக்குகிறோம். பிறகு அரை நிமிடத்துக்கு ஒருமுறை புரட்டுகிறோம். நடுவில் வெப்பம் 52 டிகிரி செல்சியஸைத் தொட்டதும் எடுத்து, ஐந்து நிமிடம் ஆறவிட்டு, தசைநாருக்குக் குறுக்காக அரிகிறோம்.

மேற்புறத்தைச் சுட்டால் சாறு உள்ளே அடைபடும் என்று பத்தொன்பதாம் நூற்றாண்டில் லீபிக் என்ற ஜெர்மானிய வேதியியலாளர் எழுதினார். இன்றும் பலர் நம்பும் அக்கருத்து தவறு. கல்லில் கேட்கும் ‘சொய்ங்’ ஓசையே நீர் வெளியேறி ஆவியாகும் ஓசைதான். தட்டில் கசியும் சிவப்பைக் கண்டு முகஞ்சுளிப்போர் உண்டு. அது இரத்தமன்று, மயோகுளோபின் என்னும் தசைப் புரதம் கலந்த நீர். ஆயினும் ரொலான் பார்த் 1957இல் வெளிவந்த தம் ‘மித்தாலஜீஸ்’ நூலில், பிரெஞ்சுக்காரர்களுக்கு ஸ்டேக்கின் பெருமையே அந்த இரத்தத் தன்மையில்தான் இருக்கிறது என்று விளக்கினார். வேதியியல் எதைச் சொன்னாலும் மனிதர் தம் கதையையே உண்கிறார்கள் போலும்.

எங்கள் கதை ஒரு தோசைக்கல்லைப் பற்றியது. ஓராண்டுக் காலம் மெல்லிய ஒட்டாத வாணலியில்தான் சமைத்தோம். குளிர்ந்த இறைச்சி பட்டதும் அதன் சூடு தணிந்துவிடும். துண்டம் தன் நீரிலேயே வெந்து சாம்பல் நிறமாகும். கனத்த இரும்புத் தோசைக்கல்லோ பக்கத்திலேயே மாட்டியிருந்தது. வெப்பத்தைச் சேமித்து வைக்கும் அதுவே இதற்கு உகந்தது என்பது இருவருக்கும் தெரியும். ஏன் எடுக்கவில்லை என்பதை இருவரும் பேசவில்லை. கொல்லைப்புறச் சட்டியில் உண்டு வளர்ந்தவரே ஒரு மாலை அதை அடுப்பில் ஏற்றினார்.

கடலை எண்ணெய் புகைந்தது. சில நிமிடங்களில் துண்டம் பொன்பழுப்பாக முறுகியது. அமினோ அமிலங்களும் சர்க்கரையும் வெப்பத்தில் கூடி நிகழும் இம்மாற்றத்தை 1912இல் மையார் என்ற பிரெஞ்சுக்காரர் விவரித்தார். தோசை முறுகுவதும் அதே வினையால்தான். கல்லுக்கு வேற்றுமை தெரியாது.

அந்தக் கல்லைத் தந்தவர் எங்களில் ஒருவருக்கு அம்மா, மற்றவருக்கு அத்தை. நல்லெண்ணெயும் அரிந்த வெங்காயமும் தேய்த்து முப்பது ஆண்டுகள் பழக்கிய கல். அடுத்த மாதம் அவர் வருகிறார். கழுவித் துடைத்து மாட்டிவிட்டு வாய்மூடியிருக்கலாம் என்றும் பேசிப் பார்த்தோம். ஆனால் அது மறுபடியும் கொல்லைக் கதவைச் சாத்துவதாகும். வந்த அன்றே, அவர் அடுப்படிக்குப் போகும் முன்னரே, சொல்லிவிடுவதென்று முடிவு செய்திருக்கிறோம். அவருக்காகப் புதிய கல் ஒன்று வாங்கி, தினமும் எண்ணெய் தேய்த்துப் பழக்கி வருகிறோம். இதுவும் ஒதுக்கி வைத்த சட்டியின் மறுவடிவம்தானோ என்று தேய்க்கும்போதெல்லாம் தோன்றுகிறது. இரண்டு கற்களையும் அவர் முன் வைப்போம். எதில் தோசை வார்ப்பது என்பதை அவரே சொல்லட்டும்.